வெளிச்சம் எட்டும் தூரமும் வண்டி நிற்கும் தூரமும்

எலும்பு முறிவு மருத்துவராக விபத்துப் பிரிவில் பணியாற்றுகிறேன். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வருபவரிடம் விபத்து எப்படி நடந்தது என்று கேட்பது எங்கள் முதல் வேலைகளில் ஒன்று. எந்தப் பக்கமாக விழுந்தார், தலை தரையில் மோதியதா, என்ன வேகத்தில் வந்தார் என்பதை வைத்துத்தான் உடலின் எந்த இடங்களைக் கவனமாகத் தேடிப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கிறோம். கிராமப்புறச் சாலைகளிலிருந்து கொண்டுவரப்படுபவர்களில் பலருடைய பதில் ஒரே மாதிரி இருக்கும். "நாய் குறுக்கே வந்துவிட்டது." "மாடு திடீரென்று ரோட்டில் ஏறிவிட்டது."

இன்னும் கொஞ்சம் விசாரித்தால், அவர்களில் கணிசமானவர்கள் அந்த விலங்கின்மீது மோதவே இல்லை என்பது தெரியவரும். அதைத் தவிர்ப்பதற்காக ஹேண்டிலைச் சட்டென்று ஒடித்தார்கள், அல்லது பதறிப்போய் பிரேக்கை இறுக்கினார்கள். சக்கரம் சறுக்கியது. நாய் ஓடிப்போய்விட்டது, மனிதருக்குத் தொடை எலும்பு முறிந்தது.

விலங்கு குறுக்கே வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அது வரும், வந்துகொண்டேதான் இருக்கும். அதற்குச் சாலை விதி தெரியாது. ஆனால் அது கண்ணில் படுவதற்கு முன்பே, வண்டி அப்போது ஓடிக்கொண்டிருந்த வேகமே பாதி முடிவைச் செய்துவிடுகிறது. வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் கீழே உள்ள கணக்கை ஒரு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடும். கண் பார்த்து, மூளை அதைப் புரிந்துகொண்டு, கை பிரேக்கை அழுத்தத் தொடங்குவதற்குள் ஒன்று முதல் ஒன்றரை விநாடி போய்விடுகிறது. ஒன்றரை விநாடி என்றே வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 25 மீட்டர் ஓடியாயிற்று. அதன்பின், காய்ந்த நல்ல தார்ச் சாலையில் நன்றாக பிரேக் பிடிக்கத் தெரிந்தவருக்கே நிற்க இன்னொரு 20 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 45 மீட்டர். இதே கணக்கில் 40 கிலோமீட்டர் வேகத்தில் 26 மீட்டர் போதும். 80 கிலோமீட்டரில் 70 மீட்டரை நெருங்கிவிடும். சாலையில் மணலோ சாணமோ ஈரமோ இருந்தால் இவை எல்லாமே கூடும்.

இப்போது முகப்பு விளக்கைப் பார்ப்போம். டிம் வெளிச்சத்தில் பெரும்பாலான வண்டிகளுக்கு 40, 50 மீட்டருக்கு அப்பால் இருக்கும் கறுத்த பொருள் தெளிவாகத் தெரியாது. கண்ணாடி அழுக்காக இருந்தாலோ விளக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தாலோ அதுவும் குறையும். அதாவது, இருட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் டிம் வெளிச்சத்தை நம்பிப் போகிறவர், தான் பார்க்க முடியாத தூரத்தில்தான் நிற்க முடியும். சாலை நடுவில் ஓர் எருமை படுத்திருந்தால், அவர் எவ்வளவு திறமையான ஓட்டுநராக இருந்தாலும் மோதியே தீருவார். எதிரே யாரும் வராதபோது முழு வெளிச்சத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடித்துவிட்டால், பார்வை பழைய நிலைக்குத் திரும்பச் சில விநாடிகள் ஆகும். அந்த நேரத்தில் வண்டி பெரும்பாலும் குருட்டுத்தனமாகவே போகிறது. அப்போது ஆக்சிலேட்டரைத் தளர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

"கண் மின்னுமே, அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமே" என்று சிலர் சொல்வார்கள். நாய், பூனை, மாடு, ஆடு, மான் ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. அதனால்தான் அவற்றின் கண் இரவில் ஒளிர்கிறது. ஆனால் அந்த விலங்கு நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அது பயன்படும். புல்லில் தலையைக் குனிந்திருக்கும் மாட்டின் கண் தெரியாது. பன்றி இனத்துக்கு அந்தப் படலமே கிடையாது. காட்டுப்பன்றி நேருக்கு நேர் நின்று பார்த்தாலும் அதன் கண் அப்படி மின்னாது.

மான், முயல், காட்டுப்பன்றி போன்றவை அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். நம் கண்ணுக்கு எல்லாம் தெரிவதுபோலத் தோன்றி, உண்மையில் எதுவும் சரியாகத் தெரியாத நேரமும் அதுதான். பகலில் சூடேறிய தார்ச் சாலை இருட்டிய பிறகும் வெகுநேரம் வெப்பத்தை வைத்திருக்கும். குளிர் இரவுகளில் மாடுகளும் நாய்களும் அதில் வந்து படுப்பதில் வியப்பில்லை. சாலையோரப் புதர், குட்டை, தோட்ட வேலியில் ஒரு திறப்பு, தரையில் புதிதாகக் கிடக்கும் சாணம் ஆகியவை எல்லாம் முன்கூட்டியே வரும் அறிவிப்புகள். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைப்பது போதாது.

ஒரு விலங்கு கடந்து போனால், கடந்தது அது ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. மான் கூட்டமாக வாழ்வது. ஆடு, முன்னால் போன ஆட்டைப் பின்தொடரும். தாய் ஒரு பக்கமும் கன்று மறுபக்கமும் இருந்தால் அந்தக் கன்று கட்டாயம் சாலையைக் கடக்கும். எவ்வளவு அமைதியாக நின்றாலும் நம்பாதீர்கள். முதல் விலங்கைத் தவிர்த்துவிட்ட நிம்மதியில் ஆக்சிலேட்டரைத் திருகி, இரண்டாவதன்மீது மோதி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாடு ஒன்று மட்டும் தனியாகச் சாலையைக் கடந்தால், வேகத்தை நன்றாகக் குறைத்து அதன் வால் பக்கமாகப் போவது நல்லது. மாடு பின்னோக்கி நடப்பது அரிது. மந்தையாக இருந்தால் நின்றுவிட வேண்டும். ஹாரனைத் தூரத்திலேயே ஒரு முறை அடிக்கலாம். பக்கத்தில் போய் அடித்தால் மிரண்டு எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நாய் வேறு வகை. அது குறுக்கே வருவது பாதிப் பிரச்சினை, துரத்துவது மீதிப் பிரச்சினை. ஓடிவரும் நாய் நம் வேகத்தைப் பார்த்து, நாம் வந்து சேரப்போகும் இடத்தை நோக்கி ஓடும். மோட்டார் சைக்கிள் பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் வழி இதைப் பயன்படுத்திக்கொள்கிறது: தூரத்தில் பார்த்தவுடனே கியரைக் குறைத்து மெதுவாக வாருங்கள், நாய் நெருங்கும்போது நேராகப் பார்த்தபடி வேகமெடுத்துக் கடந்துவிடுங்கள். அதன் கணக்குப் பிசகிவிடும். காலை நீட்டி உதைக்க முயல்வது மிகவும் ஆபத்தானது. உடல் எடை ஒரு பக்கம் சாயும், கண் சாலையை விட்டு நாயிடம் போய்விடும். பார்வை எங்கே போகிறதோ அங்கேதான் வண்டியும் போகும். ஆகவே நாயையே பார்க்காதீர்கள்; அதைக் கடந்து போகப்போகும் வழியைப் பாருங்கள்.

பிரேக் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முன் பிரேக்கைத் தொடவே பயப்படுகிறவர்கள் ஏராளம். வேகம் குறையும்போது எடையின் பெரும்பகுதி முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்தும் விசையின் பெரும்பங்கு முன்சக்கரத்திலிருந்துதான் கிடைக்கிறது. பின் பிரேக்கை மட்டும் பலமாக மிதித்தால் பின்சக்கரம் இறுகிச் சறுக்கும், வண்டி சீக்கிரம் நிற்காது. வண்டி நேராக நிமிர்ந்து இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் தயங்காமல் முழுவதுமாக அழுத்தலாம். சக்கரம் இறுகாமல் அது பார்த்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்திக்கொண்டே ஹேண்டிலைத் திருப்புவதுதான் எங்களிடம் வரும் பல எலும்பு முறிவுகளின் தொடக்கம். ஒதுங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பிரேக்கை விட்டுவிட்டு ஒதுங்குங்கள். மோதல் நிச்சயம் என்று தெரிந்தால், முடிந்தவரை வேகத்தைக் குறைத்து, கடைசிக் கணத்தில் பிரேக்கைத் தளர்த்தி, ஹேண்டிலை இரண்டு கைகளாலும் உறுதியாக நேராகப் பிடியுங்கள். இவற்றை ஆபத்து வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. ஆளில்லாத காய்ந்த திடலில் பழகிப் பாருங்கள்.

சிறு உயிர்கள் விஷயத்தில் நான் சொல்லப்போவது எனக்கே வருத்தம் தருகிறது. அணில், கோழி, ஓணான் போன்றவை சக்கரத்துக்கு முன் வந்தால், வேகத்தைத் தளர்த்துங்கள், ஆனால் ஹேண்டிலை ஒடிக்காதீர்கள். அவற்றைக் காப்பாற்ற வேண்டுமென்ற தவிப்பு உள்ளவர்கள் தொடக்கத்திலிருந்தே மெதுவாகப் போகலாம். அது ஒன்றே இரண்டு உயிர்களையும் காப்பாற்றும் வழி.

காயங்களில் பலருக்கும் தெரியாத ஒன்றை இங்கே சொல்கிறேன். கழுத்திலுள்ள தண்டுவடத்திலிருந்து கிளம்பி, காறை எலும்புக்குப் பின்னால் போய்க் கைக்குள் இறங்கும் ஒரு நரம்புக் கொத்து இருக்கிறது. வண்டியிலிருந்து எகிறி, தோள் தரையில் இடிக்க, தலை மறுபக்கம் வளைந்தால், தோளுக்கும் கழுத்துக்கும் இடையில் அந்த நரம்புகள் இழுபட்டு அறுந்துபோகும். சில நேரம் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்து வந்துவிடும். நாய்க்காக ஒதுங்கி இப்படி விழுந்த ஓர் இளைஞர் சில மாதங்கள் கழித்து வந்தார். விரல்கள் நன்றாக அசைந்தன. டம்ளரைக் கொடுத்தால் இறுகப் பிடித்தார். ஆனால் முழங்கையை மடக்கி அதை வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. இன்னொரு கையால் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார். காறை எலும்பு முறிவு ஆறியவுடன் கை தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்திருக்கிறார். இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. கையின் வேறொரு நரம்பிலிருந்து சில இழைகளைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசைக்குப் போகும் நரம்புடன் இணைக்கும் முறையை, பிரெஞ்சு மருத்துவர் கிறிஸ்டோஃப் ஓபர்லின் 1994-ல் விவரித்தார். இன்று உலகெங்கும் செய்யப்படுகிறது. ஆனால் இப்படிப்பட்ட சிகிச்சைகள் முதல் ஆறு மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும். நாள் கடக்கக் கடக்க, நரம்பின் தொடர்பு இழந்த தசை திரும்பாத நிலைக்குப் போய்விடும். விழுந்த பிறகு கையைத் தூக்க முடியவில்லை, மரத்துப்போகிறது, எரிகிறது என்றால், எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

தலைக்கவசத்தால் இந்த நரம்பைக் காப்பாற்ற முடியாது. தலையைக் காப்பாற்றும். பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, தலைக்கவசம் இறப்பு அபாயத்தை ஏறக்குறைய 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டது. பக்கத்து வயல்வரை போய்வருவதற்குக்கூட அது வேண்டும். நாய் தூரம் பார்த்து வருவதில்லை. தாடையை மூடும் முழுக் கவசமாக, வார் இறுக்கிக் கட்டியதாக இருக்கட்டும். வார் கட்டாத கவசம் தலை தரையைத் தொடும் முன்பே கழன்று பறந்துவிடும். ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரைப்பகுதி நசுங்கித்தான் அடியைத் தாங்கியிருக்கும். அது பழையபடி நிமிராது.

விழுந்தவரைப் பார்த்தால் பதறி அள்ளித் தூக்காதீர்கள். முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சுக்குத் தடையில்லை என்றால் தலைக்கவசத்தைக் கழற்ற அவசரம் வேண்டாம். கழற்றியே ஆக வேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் மெதுவாகக் கழற்ற வேண்டும். தண்ணீர் கொடுக்காதீர்கள். இரத்தம் பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். எலும்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் உள்ளே தள்ள முயலாமல் மூடி மட்டும் வையுங்கள். மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும். கிராமச் சாலையில் பட்ட சிராய்ப்பு சிறியதாக இருந்தாலும் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நாய் கடித்தோ பல் பதிந்தோ இருந்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ரேபீஸ் தடுப்பூசிக்குச் செல்லுங்கள்.

எழுந்து நின்று "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்கிறவரைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே இரத்தம் கசியும் காயத்தில், முதலில் சற்று மயங்கியவர் தெளிந்து, சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று நினைவிழப்பது உண்டு. தலையில் அடிபட்டவரை முதல் 24 மணி நேரம் தனியாக விடாதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கால்நடை வளர்ப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஃபின்லாந்தில் ரெயின்டீர் என்னும் பனிநாட்டு மான்களை வளர்ப்போர் 2014-ல் அவற்றின் கொம்புகளில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சாயத்தைத் தெளித்துச் சோதித்தார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. மாட்டின் கழுத்திலும் கொம்பிலும் ஒளிரும் பட்டை ஒன்றைக் கட்டினால், அது தலையைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாலும் விளக்கு வெளிச்சத்தில் தெரியும். அடிபட்டு இறந்த விலங்கு சாலையில் கிடந்தால், ஆபத்தில்லாத நேரம் பார்த்து ஓரமாக இழுத்துப் போடுங்கள், அல்லது சாலைப் பணியாளர்களுக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். அதைத் தின்ன வரும் நாய்களும் காகங்களும்தான் அடுத்து வரும் வண்டிக்குக் குறுக்கே பாயும். உயிருடன் அடிபட்டுக் கிடக்கும் மாட்டின் அருகே மட்டும் நேராகப் போய்விடாதீர்கள். வலியில் அது உதைக்கும், முட்டும். சற்றுத் தள்ளி நின்று மற்ற வண்டிகளை எச்சரித்துக்கொண்டு, கால்நடை மருத்துவருக்குத் தகவல் கொடுங்கள்.