குறைந்த ஜி.பி.ஏ.வோடு டிரான்ஸ்ஃபர்: கட்டுரைக்கு முன் கணக்கு

அமெரிக்கக் கல்லூரியில் முதல் வருடம் சறுக்கிய மாணவர்கள் பலர், விண்ணப்பக் கட்டுரையை உருக்கமாக எழுதினால் நல்ல பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடலாம் என்று நம்புகிறார்கள். முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜி.பி.ஏ. என்பது 4.0-க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி; பாடத்தின் அளவான கிரெடிட்டால் அதைப் பெருக்கினால் மொத்தப் புள்ளி வரும். 30 கிரெடிட்டில் 2.4 என்றால் கையில் 72 புள்ளி. அடுத்த 30 கிரெடிட்டிலும் முழு 4.0 எடுத்தால் 120 சேரும். மொத்தம் 192, சராசரி 3.2. அதே 2.4-ஐ 60 கிரெடிட் முடித்த நிலையில் வைத்திருந்தால், அடுத்த 15 கிரெடிட்டுக்கும் 'ஏ' வாங்கினாலும் 2.72-தான். கிரெடிட் ஏற ஏறச் சராசரி அசைந்து கொடுக்காது. ஆகவே பலருக்குச் சரியான முடிவு, விண்ணப்பத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டு அதற்குள் நல்ல கிரேடுகளைச் சேர்ப்பதுதான். வீட்டில் இதைச் சொல்வது கடினம் என்பது தெரியும்.

கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகமான யூ.சி.யின் (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகங்கள் மூன்றாம் ஆண்டு டிரான்ஸ்ஃபருக்குக் கேட்கும் குறைந்தபட்சம், மாநிலவாசிகளுக்கு 2.4, மற்றவர்களுக்கு 2.8, கூடவே 60 செமஸ்டர் யூனிட் (கிரெடிட்). இது வாசலைத் தாண்டுவதற்கான அளவு மட்டுமே. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்களில் இடம் பெறுகிறவர்களில் பெரும்பாலோர் 3.5-க்கு மேல். மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரியில்) படிப்பவர்களுக்கு டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் 'டேக்' என்ற உத்தரவாதச் சேர்க்கை உண்டு. அதற்கான விண்ணப்பம் செப்டம்பரிலேயே முடிந்துவிடும். ஜி.பி.ஏ. வரம்பு வளாகத்துக்கும் மேஜருக்கும் (முதன்மைப் பாடத்துக்கும்) ஏற்ப மாறும்.

ஜி.பி.ஏ.வை விடவும் அதிகம் பேரைக் கவிழ்ப்பது விடுபட்ட பாடங்கள். இன்ஜினியரிங் கேட்பவரிடம் கால்குலஸ் வரிசையும் இயற்பியல் வரிசையும் பாதியில் நின்றிருந்தால், 3.8 இருந்தும் கைவிரித்துவிடுவார்கள். எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடம் எந்த யூ.சி. பாடத்துக்குச் சமம் என்பதை 'அசிஸ்ட்' தளத்தில் பார்த்து, மேஜருக்கு வேண்டியவற்றை முதலில் முடியுங்கள். சராசரியைத் தூக்க எளிய பாடங்களாகச் சேர்ப்பது, விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் கண்ணுக்கு உடனே தெரியும்.

'டி', 'எஃப்' வந்த பாடத்தைத் திரும்ப எடுப்பது நல்லது. அதே கல்லூரியில் எடுங்கள். வேறு கல்லூரியில் எடுத்தால் பழைய டிரான்ஸ்கிரிப்டில் (கிரேடு பதிவில்) அந்த 'எஃப்' அப்படியே நிற்கும். பழைய கிரேடை உங்கள் கல்லூரி கணக்கிலிருந்து நீக்கினாலும், சேரப்போகும் இடம் இரண்டையும் கூட்டிப் புதுக் கணக்குப் போடக்கூடும். முந்தைய கல்லூரியையே மறைத்துவிடலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். கல்லூரிகளின் மாணவர் பதிவுகளைத் திரட்டி வைக்கும் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் பதிவுகளில் அது வெளிப்பட்டால், சேர்ந்த பிறகும் இடம் பறிபோகலாம்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள், மோசமான கிரேடுக்குப் பயந்து பாடத்தைக் கைவிடும் முன் டி.எஸ்.ஓ.விடம் (வெளிநாட்டு மாணவர்களுக்கான கல்லூரி அதிகாரியிடம்) அனுமதி பெற வேண்டும். இளநிலையில் முழுநேரம் என்பது செமஸ்டருக்கு 12 கிரெடிட். அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான், 3 கிரெடிட் வரைதான் கணக்கில் வரும். அனுமதி இல்லாமல் 12-க்குக் கீழே போனால் விசா நிலையே கெட்டுவிடும், பிறகு ஜி.பி.ஏ. பேசிப் பயனில்லை. மாறும்போது செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுத் தகவல் தளம்) பதிவை விடுவிக்கும் தேதியையும் பழைய டி.எஸ்.ஓ.விடம் பேசி முடிவு செய்யுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு உங்கள் பதிவு புதிய கல்லூரியின் கைக்குப் போய்விடும்.

கட்டுரைக்கு வருவோம். யூ.சி.யில் நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 350 சொல் வரை. மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்பது கட்டாயக் கேள்வி. கிரேடு சரிந்த காரணத்தைக் கூடுதல் குறிப்புப் பகுதியில் நான்கைந்து வாக்கியத்தில் முடித்துவிடுங்கள்: என்ன நடந்தது, எந்த செமஸ்டரில், பிறகு எதை மாற்றினீர்கள், அதைக் காட்டும் கிரேடு எது. பேராசிரியர் மீது பழி போடாதீர்கள். பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் வழியாக விண்ணப்பிக்கும் பல கல்லூரிகள் நடப்பு செமஸ்டரின் இடைக்கால கிரேடையும் கேட்கும். அனுப்பியாகிவிட்டது என்று மார்ச்சில் வகுப்பைக் கோட்டைவிடுவது வீண் சேதம்.

இடம் கிடைத்த கடிதமும் நிபந்தனையோடுதான் வரும். நடப்புப் பாடங்களை முடித்து, கேட்ட கிரேடை எடுத்து, இறுதி டிரான்ஸ்கிரிப்டைக் கெடுவுக்குள் சேர்க்க வேண்டும், யூ.சி.க்கு அந்தக் கெடு வழக்கமாக ஜூலை 1.