அழித்தாலும் திரும்பி வரும் செக் எஞ்சின் விளக்கு

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் பொறுமையைச் சோதிக்கும் மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. ஸ்கேனரை மாட்டிப் பிழைக் குறியீட்டை அழித்தால் அணைந்துவிடும். சில நாள் ஓட்டியதும் மறுபடி எரியும். குறியீட்டில் பெயர் அடிபட்ட சென்சாரை மாற்றுவார்கள். அதற்கும் சில நாள்தான் ஆயுள். அடுத்து இன்னொரு சென்சார், பிறகு இக்னிஷன் காயில், கடைசியில் புகையின் நச்சைக் குறைக்கும், விலை மிகுந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பாகங்கள் புதிதாகிக்கொண்டே போகும், விளக்கு மட்டும் விடாது. பிழைக் குறியீட்டைக் கெட்டுப்போன பாகத்தின் பெயராக எடுத்துக்கொள்வதால் வரும் வினை இது. எந்தச் சோதனையில் எஞ்சின் தோற்றது என்பது வரைதான் குறியீடு சொல்லும். ஏன் தோற்றது என்பதைத் தடயங்களை வைத்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த விளக்கு பிறந்ததே காற்று மாசைக் கட்டுப்படுத்தத்தான். புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் காரே கண்காணிக்க வேண்டும் என்று 1988 மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியா விதித்தது. 1996 மாடல் முதல் ஓபிடி-2 என்ற பொது முறை அமெரிக்கா முழுவதும் கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் அதே போன்ற விதி வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டும், எல்லா நிறுவனக் கார்களிலும் ஒரே பொருள் தரும் பி0171, பி0420 போன்ற குறியீடுகளும் அந்த முறையின் பகுதிகள். புகையின் அளவு சட்ட வரம்பைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கைத் தாண்டும் அளவுக்கு ஒரு பழுது இருந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. வண்டி நன்றாக இழுக்கும்போதும் விளக்கு எரிவதற்கு இதுதான் காரணம். ஓட்டுநரின் காலுக்குத் தெரியாத மாற்றம் சென்சாருக்குத் தெரிந்துவிடுகிறது.

பெரும்பாலான பழுதுகளுக்குக் கணினி அவசரப்பட்டு விளக்கைப் போடுவதில்லை. ஒரு பயணத்தில் சோதனை தோற்றால் அதைக் காத்திருப்புக் குறியீடாகக் குறித்துவைக்கும். அடுத்த பயணத்திலும் தோற்றால்தான் விளக்கு எரியும். பிறகு தொடர்ந்து மூன்று பயணங்களில் சோதனை தேறினால் தானாகவே அணையும். அப்போதும் குறியீடு நினைவில் கிடந்து, எஞ்சின் 40 முறை சூடாகி ஆறிய பிறகுதான் நீங்கும். அழித்த விளக்கு சில நாள் கழித்துத் திரும்புவதன் சூட்சுமம் இந்த இரண்டு பயணக் கணக்குதான். அந்த இடைவெளியில் எதுவும் சரியாகிவிடவில்லை, சோதனை இன்னும் இரண்டாம் முறை தோற்கவில்லை, அவ்வளவே.

ஒரே ஒரு நிலையில் கணினி பொறுத்திருக்காது. விளக்கு விட்டுவிட்டு மின்னினால், சிலிண்டரில் பற்றாத பெட்ரோல் அப்படியே வெளியேறிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று பொருள். உள்ளே இருக்கும் பீங்கான் தேனடை அந்தச் சூட்டில் உருகிவிடலாம். உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். இதில் சமரசமே கூடாது.

விளக்கு எரிந்ததும் பலர் முதலில் செய்வது குறியீட்டை அழிப்பது. நான் கடைசியாகச் செய்யச் சொல்வது அதைத்தான். பழுது பதிவான நொடியில் எஞ்சின் எந்தச் சுழற்சியில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு சுமை இழுத்தது, வண்டி என்ன வேகத்தில் போனது என்பதையெல்லாம் கணினி ஒரு படம்போல உறையவைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்பது அதன் பெயர். காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஐட்லிங்கில் தோன்றும் பழுதும், நிமிடத்துக்கு 6000 சுழற்சியில் முழு ஆக்ஸிலரேட்டரில் தோன்றும் பழுதும் ஒரே குறியீட்டைத் தரலாம். தேட வேண்டிய இடங்கள் முற்றிலும் வேறு. குறியீட்டை அழித்தால் இந்தப் பதிவும் போய்விடும். கூடவே பேட்டரியையும் ஒரு முறை அளந்துவிடுங்கள். வாரக்கணக்கில் நின்றே கிடக்கும் ஸ்போர்ட்ஸ் காரில் பேட்டரி தளர்ந்து, ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் சரிந்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குறியீடுகள் கூட்டமாக வந்து குழப்பும்.

அடுத்து பார்க்க வேண்டியது ஃபியூயல் டிரிம். பழுது தேடுவதில் இதைவிடப் பயனுள்ள எண் வேறில்லை என்பது என் கருத்து. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலைக் கணினி தெளிக்கிறது. எரிந்த புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று கூட்டுகிறது. மிஞ்சவில்லை என்றால் குறைக்கிறது. இந்தத் திருத்தத்தின் சதவீதமே ஃபியூயல் டிரிம். பூஜ்யத்தை ஒட்டி ஐந்து சதவீதம் ஏறி இறங்குவது இயல்பு. பல கார்களில் அது 20 முதல் 25 சதவீதத்தை எட்டும்போது, கலவையில் பெட்ரோல் குறைவு என்று பி0171 விழும்.

எண்ணின் அளவைவிட அது எப்போது மாறுகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு, அதன் வழியே நொடிக்கு 0.8 கிராம் காற்று அளவியை ஏமாற்றி உள்ளே புகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐட்லிங்கில் எஞ்சின் இழுப்பதே நொடிக்கு 4 கிராம்தான் என்றால் இந்தக் கசிவு ஐந்தில் ஒரு பங்கு, டிரிம் எகிறும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து 40 கிராம் இழுக்கும்போது அதே கசிவு இரண்டு சதவீதம்; டிரிம் இயல்புக்கு வந்துவிடும். மாறாக, ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து சுமை ஏற ஏற டிரிமும் ஏறினால், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கேறிக் குறைத்து அளக்கலாம். எண்ணெய் தடவிய ஸ்போர்ட்ஸ் ஏர் ஃபில்டர் போட்ட கார்களில் கடைசிக் காரணத்துக்கு வாய்ப்பு அதிகம்: ஃபில்டரில் எண்ணெய் மிகுந்தால் அது சென்சாரின் மெல்லிய சூட்டுக் கம்பியில் படிந்துவிடும்.

போர்ஷே 911 போன்ற ஆறு சிலிண்டர் கார்களில் எஞ்சினின் இரு பக்கங்களுக்கும் தனித்தனி டிரிம் காட்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் இரண்டுக்கும் பொதுவான பம்ப்பையோ காற்று அளவியையோ பாருங்கள். ஒன்று மட்டும் ஏறினால் தேடல் அந்தப் பக்கத்தோடு சுருங்கிவிடும். ஒரு ஸ்பேனரைக் கூடத் தொடாமல் பாதி எஞ்சினை விலக்கிவிட முடிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

டர்போ எஞ்சினில் இன்னும் ஒரு விசித்திரம் உண்டு. காற்று வரத்தைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்குப் பின்னால் ஓர் ஓட்டை இருக்கிறதென்று கொள்வோம். ஐட்லிங்கில் உள்ளே வெற்றிடம் இருப்பதால், அளக்கப்படாத காற்று வெளியிலிருந்து புகும்; பெட்ரோல் போதாது. டர்போ சுழன்று அழுத்தம் ஏறியதும், ஏற்கெனவே அளந்த காற்று அதே ஓட்டை வழியே வெளியே போகும். இப்போது பெட்ரோல் மிகுதி. ஒரே ஓட்டைக்கு ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு அறிகுறிகள். இது தெரியாதவர்கள் இரண்டு பழுது இருப்பதாக நினைத்து இரண்டு மடங்கு பாகம் மாற்றுவார்கள். இன்டேக்குக்குள் மெல்லிய அழுத்தத்தில் புகையைச் செலுத்திப் பார்த்தால் ஓட்டை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் மிக அதிகமாக அலைக்கழிக்கும் குறியீடு பி0420. கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று. கன்வெர்ட்டரின் பூச்சில் இருக்கும் சீரியம் ஆக்ஸைடு, விளைந்ததைக் குதிரில் கொட்டிவைத்துப் பஞ்சத்தில் எடுத்துப் புழங்குவதுபோல, மிகுந்த ஆக்ஸிஜனைப் பிடித்துவைத்துத் தட்டுப்பாட்டில் விடுகிறது. அதனால் முன் சென்சார் வழக்கமான வகையாக இருந்தால் அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே துள்ளிக்கொண்டிருக்கும்போதும் பின்னது ஏறக்குறைய அசையாமல் நிற்கும். சேமிக்கும் திறன் போனால் பின்னதும் முன்னதைப் போலவே துள்ளத் தொடங்கும். அந்தத் துள்ளலைப் பார்த்துத்தான் கணினி தீர்ப்பு எழுதுகிறது. புகையை அது நேரடியாக அளப்பதில்லை.

ஆகவே தீர்ப்பு தவறவும் இடம் உண்டு. சைலன்சர் குழாய் இணைப்பில் கசிவு இருந்தால், புகைத் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்பட்டு சென்சாரைக் குழப்பும். புதிய எக்ஸாஸ்ட் போட்ட பிறகு விளக்கு எரிகிறதென்றால் முதலில் அந்த இணைப்புகளைப் பாருங்கள். தேனடைக் கண்கள் குறைந்த ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டர் மாட்டியிருந்தால், அதன் சேமிப்புத் திறனே கணினி எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். அங்கே பழுது எதுவும் இல்லாமலே குறியீடு வரும். பின் சென்சாரைக் குழாயிலிருந்து தள்ளிவைக்கும் ஸ்பேஸரைப் போட்டு விளக்கை அணைப்பவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. புகை போய்க்கொண்டேதான் இருக்கும், அதைச் சொல்ல இருந்த ஒரே கருவியின் வாயும் அடைபட்டிருக்கும்.

கன்வெர்ட்டர் உண்மையாகவே செத்திருந்தால், அதைக் கொன்றது எது என்று தெரியாமல் புதியதை மாட்ட வேண்டாம். கன்வெர்ட்டர் தானாகச் சாவது அரிது. எஞ்சின் ஆயில் எரிந்து அதிலிருக்கும் பாஸ்பரஸ் பூச்சை மூடியிருக்கலாம். கூலன்ட் கசிந்து சிலிண்டருக்குள் போயிருக்கலாம். சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போகும் மிஸ்ஃபயர் நெடுநாள் நீடித்து அதைச் சுட்டிருக்கலாம். காரணம் உள்ளேயே இருந்தால் புதியதுக்கும் அதே கதிதான்.

மிஸ்ஃபயரைக் கணினி கண்டுபிடிக்கும் விதம் நுட்பமானது. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது, பிஸ்டன்கள் சுழற்றும் அச்சான கிராங்க் ஷாஃப்ட் ஒரு துளி வேகமெடுக்கும். பல்சக்கரத்தின் பற்கள் சென்சாரைக் கடக்கும் நேரத்தை வைத்து, எந்த வெடிப்பில் அந்த உந்துதல் வரவில்லை என்று கணக்கிட்டு, முதல் சிலிண்டர் என்றால் பி0301 என்று எழுதும். அந்தச் சிலிண்டரின் காயிலை இன்னொன்றோடு இடம் மாற்றிப் போடுங்கள். குறியீடும் கூடவே நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. நகராவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன் என்று போகலாம். எடை குறைந்த ஃப்ளைவீல் மாட்டிய கார்களில் இந்தக் கணக்கே தடுமாறும். கனமான சக்கரம் சமன்செய்து வைத்திருந்த சின்னச் சின்ன வேக மாற்றங்கள் இப்போது பெரிதாகத் தெரிய, நன்றாக எரியும் சிலிண்டரையும் கணினி சந்தேகிக்கும்.

பெட்ரோல் ஆவிக் கசிவுக் குறியீடுகள் வந்தால் டேங்க் மூடியின் ரப்பர் வளையத்திலிருந்து தொடங்கினால் போதும். அரை மில்லிமீட்டர் துளையைக் கூடக் கண்டுபிடிக்கும் சோதனை அது.

பழுதைச் சரிசெய்து குறியீட்டை அழித்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் அழித்த கையோடு சோதனைகளின் நிலை எல்லாம் முடியாதவை என்று மாறிவிடும். கன்வெர்ட்டர் சோதனைக்குச் சூடான எஞ்சினும் சீரான வேகமும் வேண்டும். ஆவிச் சோதனைக்கு ஆறிய எஞ்சினும், நிரம்பி வழியாத, காலியாகவும் இல்லாத டேங்க்கும் வேண்டும். எப்போதாவது எடுத்து ஒரு சுற்று வேகமாக ஓட்டி நிறுத்தும் காரில் இந்த நிலைமைகள் அமையவே பல வாரம் ஆகலாம். அதுவரை அணைந்திருக்கும் விளக்கு எதற்கும் சான்றாகாது. ஸ்கேனரில் எல்லாச் சோதனைகளும் முடிந்தன என்று காட்டி, காத்திருப்புக் குறியீட்டுப் பட்டியலும் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். 2010ஐ ஒட்டிய மாடல்களிலிருந்து அமெரிக்க விதிப்படி வந்த கார்களில் நிரந்தரக் குறியீடு என்றும் ஒன்று உண்டு. ஸ்கேனரால் அதை அழிக்க முடியாது, பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. தோற்ற அதே சோதனையில் கார் ஓடித் தேறினால்தான் அது நீங்கும்.