வளையத் தெரியாத தூசி

வீட்டிலேயே சிறிய தச்சுப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வட்ட ரம்பத்தோடு வாக்குவம் கிளீனரை இணைத்தால் சற்று நேரத்திலேயே அதன் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு கூம்பைப் பொருத்தினால் தூள் கீழே இருக்கும் வாளியில் விழுந்துவிடும் என்கிறார்கள். அந்தக் கூம்புக்குள் துணியும் இல்லை, சல்லடையும் இல்லை, வெறும் காலியிடம்தான். பிறகு தூளைத் தடுப்பது எது?”

தடுப்பது எதுவுமில்லை, காற்று வளைகிறது, தூளால் வளைய முடிவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இந்தச் சூட்சுமத்திற்கு வருமுன், தூள் ரம்பத்திலிருந்து கூம்புவரை எப்படி வந்துசேர்கிறது என்பதை விரைவாகப் பார்த்துவிடலாம்.

ஒரு மெழுகுவர்த்தியை எட்ட இருந்தும் ஊதி அணைத்துவிடலாம். மூச்சை உள்ளிழுத்து அணைக்க முடியாது. ஊதும் காற்று ஒரே திசையில் பாய்கிறது, உறிஞ்சும் வாயை நோக்கியோ நாலாபுறமிருந்தும் காற்று வருகிறது. ஆகவே உறிஞ்சுகுழாயின் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவே விலகினாலும் காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். உறைமூடியை (தூளைப் பிடிக்கக் குழாயின் வாயில் பொருத்தும் கூட்டை) ரம்பத்தின் பல்லுக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும் என்பது இதனால்தான். குழாய்க்குள் வந்த தூள் இடையில் படிந்துவிடாதிருக்கக் காற்று வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். குழாயின் குறுக்களவில் கஞ்சத்தனம் கூடாது: ஒரே அளவு காற்றை அனுப்பும்போது அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், 150 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதிலாக 100 மில்லிமீட்டர் குழாயைப் போட்டால் இழப்பு ஏழு மடங்குக்கும் மேலாகிறது. வாக்குவம் கிளீனர் அதிக அழுத்தத்தில் குறைந்த காற்றை இழுப்பது, தூசி சேகரிப்புக்கான ஊதுவிசிறியோ குறைந்த அழுத்தத்தில் ஏராளமான காற்றை இழுப்பது. கையடக்கக் கருவிகளுக்கு முன்னதும், மேசை ரம்பம், இழைப்பு எந்திரம் ஆகியவற்றுக்குப் பின்னதும் பொருந்தும்.

இனிக் கூம்பு. மேலே உருளையும் கீழே கூம்புமாக இருக்கும், ‘சைக்ளோன்’ எனப்படும் இந்தக் கருவிக்குள் காற்று நடுவில் நுழைவதில்லை, உருளையின் சுவரை ஒட்டித் தொடுகோடாக நுழைகிறது. நுழைந்ததும் அது சுவரைப் பற்றியபடி சுழன்று சுழன்று கீழே இறங்குகிறது. பேருந்து சட்டென வலப்புறம் திரும்பும்போது உள்ளிருப்பவர்கள் இடப்புறம் சாய்வதைப் போல, காற்றோடு வந்த துகள் தன் நேர்கோட்டுப் பயணத்தை விட மனமில்லாமல் சுவரை நோக்கிப் போகிறது. இதன் வலிமையை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் கிடைக்கும். வேகம் வினாடிக்கு 15 மீட்டர், ஆரம் 15 சென்டிமீட்டர் என்றால், விடை புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல ஏறத்தாழ 150 மடங்கு. நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஒரு தகரக் கூம்புக்குள், வியாழனில் உள்ளதைக் காட்டிலும் பல மடங்கு வலிய ஓர் ‘ஈர்ப்பு’ பக்கவாட்டில் செயல்படுகிறது!

சுவரை அடைந்த துகள் அங்கே உராய்ந்து வேகம் இழந்து, சுவரையொட்டிய மெல்லிய காற்றடுக்கோடு வழுக்கிக்கொண்டு வாளிக்குள் இறங்கிவிடுகிறது. காற்று என்ன ஆகிறது? கூம்பு குறுகக் குறுக அதற்கு வெளியேறும் வழி இல்லாமல் போகிறது. அது அப்படியே திரும்பி, வெளிச்சுழலின் நடுவே, அதே திசையில் சுழலும் இன்னொரு மெல்லிய சுழலாக மேலே ஏறி, மூடியின் மையத்திலுள்ள குழாய் வழியாக வெளியேறுகிறது. இறங்கும் சுழல் ஒன்று, அதன் வயிற்றுக்குள் ஏறும் சுழல் ஒன்று: கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்த சைக்ளோனை முதன்முறை ஓடவிட்டபோது, வேலையை மறந்து சீவல்கள் சுற்றுவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாத் துகளும் இப்படி மாட்டிக்கொள்வதில்லை. நீரின் அடர்த்தியுள்ள 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் அசையாத காற்றில் வினாடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் விழும். இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851-இல் தந்த விதிப்படி இந்த வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 1 மைக்ரான் துகளுக்கு அது நூறில் ஒரு பங்குதான். இரண்டையும் 150 மடங்காக்கினால், பெரியது சுவரை நோக்கி வினாடிக்கு 45 சென்டிமீட்டர் நகரும், சிறியது அரை சென்டிமீட்டர் நகரும். வீட்டு அளவிலான சைக்ளோனில் காற்று தங்குவதோ ஒரு வினாடிக்கும் குறைவு. பெரியது சுவரைத் தொட்டுவிடும். சிறியது பாதி வழியில் இருக்கும்போதே காற்றோடு வெளியேறிவிடும்.

சைக்ளோனுக்கான காப்புரிமை அமெரிக்காவில் 1885-ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டுவிட்டது. ஆனாலும் உள்ளே நிகழும் கொந்தளிப்பான ஓட்டத்தை எழுத்துப்பிசகாமல் முன்னறிந்து சொல்லும் எளிய சூத்திரம் இன்றும் இல்லை. மர அறுவை ஆலையின் சைக்ளோனைப் பார்த்துத் தூண்டப்பட்ட பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன், பையில்லாத வாக்குவம் கிளீனருக்காக 5,127 மாதிரிகளைச் செய்து பார்க்க நேர்ந்தது. தூசியின் ஓட்டத்தை ஆராயப் பணம் கேட்பவரை ஏளனமாகப் பார்க்கும் மனநிலை எனக்கு விளங்குவதே இல்லை.

அதைவிட விளங்காதது, ‘மரம் இயற்கைப் பொருள்தானே, அதன் தூள் என்ன செய்துவிடும்’ என்ற நம்பிக்கை. இதற்கும் மூடநம்பிக்கை என்றுதான் பெயர். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான பொருள்களின் பிரிவில் மரத்தூளை 1995-இல் சேர்த்தது. மூக்கின் உட்பகுதியிலும் அதையொட்டிய எலும்பறைகளிலும் வரும் புற்றுநோய்க்கான சான்றுகள் அதில் முக்கியமானவை.

எனவே வாசகருக்கு: கூம்பைப் பொருத்துங்கள், உங்கள் வடிகட்டி நெடுநாள் தாங்கும், ஆனால் வடிகட்டியைக் கழற்றிவிடாதீர்கள். கூம்பு தப்பவிடும் நுண்தூளை அதுதான் பிடிக்க வேண்டும். வாளியின் மூடி காற்றுப் புகாதபடி இறுக்கமாக இருக்கட்டும். உட்சுழலின் மையத்தில் அழுத்தம் குறைவு என்பதால், வாளியில் ஊசித்துளை இருந்தாலும் அதன் வழியே நுழையும் காற்று, விழுந்த தூளை அள்ளிக்கொண்டு மேலே போய்விடும். கூம்பு வேலை செய்யவில்லை என்று குறைபடும் பலரின் வாளி மூடியில்தான் பழுது இருக்கிறது. உறிஞ்சியை நிறுத்தியவுடன் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்: மார்பளவு உயரத்திலிருந்து 10 மைக்ரான் தூசி தரையைத் தொட ஏழெட்டு நிமிடங்களாகும், 1 மைக்ரான் தூசிக்கு அரை நாள் தேவைப்படும், அதுவும் அறையில் காற்று சற்றும் அசையாதிருந்தால்.