கேம்ப் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கேம்ப் என்றதும் நமக்குக் கண் சிகிச்சை முகாம் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் என்.சி.சி. பிள்ளைகள் போய்த் தங்கிவரும் இடம். அலுவலகத்தில் ‘சார் கேம்ப் போயிருக்கார்’ என்றால் வெளியூர்ப் பணிக்குப் போயிருக்கிறார் என்று பொருள். ஆனால் பழைய ஹாலிவுட் திகில் படங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் இதே சொல் வேறொரு முகத்தோடு வந்து நிற்கும். ‘இந்தப் படம் முழுக்க முழுக்க கேம்ப்’ என்பார்கள். முகாமுக்கும் இதற்கும் என்ன உறவு என்று நானும் பல நாள் குழம்பியிருக்கிறேன். எனக்கு அது விளங்கியது அகராதியால் அல்ல, ஒரு படத்தால். அதனால் படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கி 1962இல் வெளிவந்த ‘வாட் எவர் ஹாப்பண்ட் டு பேபி ஜேன்?’. கறுப்பு வெள்ளைப் படம். ஜேன் ஹட்சன் 1917இல் மேடையில் ஆடிப் பாடிக் கொண்டாடப்பட்ட குழந்தை நட்சத்திரம். வளர்ந்ததும் அவளை ஊர் மறந்துவிட்டது. சகோதரி பிளான்ச்தான் 1930களில் சினிமா நட்சத்திரம் ஆகிறாள். அப்புறம் ஒரு கார் விபத்து. பிளான்ச் சக்கர நாற்காலியில் மாடியறையில் முடங்க, அவளுக்குச் சோறு போடுகிறவளாக ஜேன். வயது ஏறிவிட்டது; ஆனால் ஜேனுக்கு இன்னும் சுருட்டை முடி, குழந்தைக் கவுன், முகத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் அப்பிய பவுடர். மூடி போட்ட தட்டில் செத்த எலியை வைத்து அக்கறையாகக் கொண்டுபோய்ச் சகோதரிக்குப் பரிமாறுகிறாள்.

ஜேனாக நடித்தவர் பெட்டி டேவிஸ். அப்போது அவருக்கு 54 வயது. இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். பிளான்ச்சாக நடித்த ஜோன் கிராஃபோர்டும் 1945இல் வந்த ‘மில்ட்ரெட் பியர்ஸ்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர்தான். அந்த எலிக் காட்சியில் பயம் வருகிறது, அருவருப்பு வருகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அந்த நடிகையின் மேல் ஒரு மரியாதையும் வந்துவிடுகிறது. இந்தக் கலவைக்குத்தான் கேம்ப் என்று பெயர். எல்லாமே அளவுக்கு மீறியிருக்கும். நடிப்பு, உடை, அலங்காரம், குரல், மாடிப்படியில் இறங்கும் விதம்கூட. ஆனால் அந்த மீறலை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. அதுதான் விருந்து.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? லண்டனில் 1909இல் வெளியான ரெட்டிங் வேரின் கொச்சைச்சொல் அகராதி, கேம்ப் என்றால் மிகைப்பட்ட அழுத்தத்தோடு செய்யும் செய்கைகள், சைகைகள் என்று பொருள் சொல்லி, பிரெஞ்சிலிருந்து வந்திருக்கலாம் என்று ஊகிக்கிறது. பிரெஞ்சில் ‘காம்பே’ என்ற வினைக்குக் கூடாரம் அடித்துத் தங்குவது என்றும் பொருள், காலை ஊன்றி மிடுக்காக நிற்பது என்றும் பொருள். தமிழின் ‘ஊன்று’ என்ற வினை இரண்டுக்கும் பொருந்துகிறது: கூடாரக் கம்பத்தையும் ஊன்றுகிறோம், காலையும் ஊன்றுகிறோம். அப்படிப் பார்த்தால் முகாமும் இந்தக் கேம்பும் ஒரு வேரில் கிளைத்தவையாக இருக்கலாம்.

பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் 1671ஆம் ஆண்டு நாடகம் ஒன்றில் இதற்கு அருமையான இடம் இருக்கிறது. ஸ்காப்பான் என்ற வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனுக்கு முரடன் வேஷம் போடக் கற்றுக்கொடுக்கிறான். தொப்பியை இறக்கிவிடு, ஒரு காலில் ஊன்றி நில், இடுப்பில் கையை வை, கண்ணை உருட்டு, நாடக ராஜா மாதிரி நட என்கிறான். ‘ஊன்றி நில்’ என்பதற்கு அங்கே வருவது இதே காம்பே வினைதான். நம் நாடகமேடைப் பேச்சில் சொன்னால், ராஜபார்ட் மாதிரி நட. கேம்ப் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை உயிரோடு காத்தவர்கள் மேடைக் கலைஞர்களும் தன்பால் ஈர்ப்புடைய ஆண்களும். 1870இல் பெண் உடை அணிந்ததற்காக லண்டனில் கைதான எர்னஸ்ட் போல்டன், பிரடெரிக் பார்க் வழக்கில் சிக்கிய கடிதம் ஒன்றில் ‘என் கேம்பிஷ் காரியங்கள்’ என்ற தொடர் வருகிறது. இங்கிலாந்தில் ஆண்களின் தன்பால் உறவு 1967 வரை குற்றம். வெளிப்படையாகப் பேச முடியாதவர்கள் தங்களுக்குள் அடையாளம் கண்டுகொள்ளவும், துயரத்தை ஆட்டமாக மாற்றிக்கொள்ளவும் வைத்திருந்த பேச்சில் கேம்பும் ஒன்று. இதை விட்டுவிட்டு இந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

1954இல் எழுத்தாளர் கிறிஸ்டோபர் இஷர்வுட் தன் நாவல் ஒன்றில் இதைப் பற்றி ஒரு பாத்திரத்தைப் பேசவைக்கிறார். நாம் உள்ளூர மதிக்காத ஒன்றை வைத்துக் கேம்ப் செய்ய முடியாது என்கிறது அந்தப் பாத்திரம். பொருளைக் கேலி செய்வது வேறு, பொருளிலிருந்து வேடிக்கையை எடுப்பது வேறு. பத்து ஆண்டு கழித்து, 1964இல், அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் ‘பார்ட்டிசன் ரிவ்யூ’ இதழில் 58 குறிப்புகளாக ஒரு கட்டுரை எழுதினார். சொல் உலகம் முழுக்கப் பரவியது அதன் பிறகுதான். அவர் செய்த முக்கியமான பிரிவு ஒன்று: தான் கேம்ப் என்று தெரியாமலே இருப்பது, தெரிந்தே செய்வது. தெரியாமல் இருப்பதே தூயது என்பது அவர் கட்சி.

இரண்டுக்கும் திகில் படத்திலேயே சான்று உண்டு. 1970இல் வந்த ‘ட்ராக்’ ஜோன் கிராஃபோர்டின் கடைசித் திரைப்படம். குகையில் அகப்பட்ட குரங்கு மனிதனுக்குப் பாடம் கற்பிக்கும் விஞ்ஞானியாக வருகிறார். எதிரே நிற்பவர் மாட்டியிருப்பது முகமூடி என்று நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. கிராஃபோர்டோ ஆஸ்கர் வாங்கிய படத்தில் எப்படி நின்றாரோ அப்படியே நிற்கிறார். குரலில் ஒரு மாற்றுக் குறையவில்லை. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். 1971இன் ‘தி அபாமினபிள் டாக்டர் பைப்ஸ்’ இதற்கு நேர் மறுபுறம். எகிப்துக்கு வந்ததாக விவிலியம் சொல்லும் வாதைகளை முன்மாதிரியாக வைத்து மருத்துவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறார் திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸ். நடுநடுவே ஆர்கன் வாசிக்கிறார். அடுத்து 1973இல், 60 வயதைத் தாண்டிய பிரைஸ், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் சாவுகளின்படி விமர்சகர்களைத் தீர்த்துக்கட்டும் பழைய நடிகராக வந்தார். அங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்தும் அவர் ஒரு வசனத்தைக்கூட அலட்சியமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அறியாமல் வருவது மட்டுமே உயர்ந்தது என்ற சான்டாக்கின் கட்சியில் நான் முழுக்கச் சேரவில்லை.

இந்த ரசனைக்கு ஏன் வயதான நட்சத்திரங்கள் இவ்வளவு பொருந்துகிறார்கள்? இந்த நடிகர்கள் பழகியது பெரிய அளவிலான நடிப்பில். 1930களில் அதுதான் அழகு. 1950களுக்குள் சன்னமான, இயல்பான நடிப்பு வந்துவிட்டது. இவர்களிடம் இருந்த கருவிகளுக்கு வேலை இல்லாமல் போனது. 1962இல் டேவிஸ் திரைத்தொழில் இதழான ‘வெரைட்டி’யில் வேலை தேவை என்று விளம்பரமே கொடுத்தார். மூன்று பிள்ளைகளின் தாய், 30 ஆண்டு நடிப்பு அனுபவம் என்று. அந்தப் பெரிய அளவை அப்படியே ஏற்றுக்கொள்ள மிச்சமிருந்த ஒரே வீடு திகில் படம். அலறலுக்கு அளவு கிடையாது அல்லவா?

இன்னொன்றும் உண்டு. பார்ப்பவர்களுக்கு அந்த முகத்தின் பழைய காலம் தெரியும். ‘பேபி ஜேன்’ அதை மறைக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டது. பிளான்ச் தொலைக்காட்சியில் தன் பழைய படத்தைப் பார்த்து உருகும் இடத்தில் ஓடுவது 1934இல் கிராஃபோர்ட் நடித்த நிஜப் படம். ஜேனுக்கு நடிக்க வராது என்று காட்ட வைத்திருக்கும் துண்டுகளும் டேவிஸின் இளம்வயதுப் படங்களிலிருந்து எடுத்தவை. ஒரே முகத்தில் இரண்டு காலம்.

தமிழ்ச் சொல் தேடும்போது என்னைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலுக்கு இழுத்துப் போனது இந்த இரண்டு காலம்தான். மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடம்பில் வெளிப்படுவது. எட்டு மெய்ப்பாடுகளில் நகை பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இளிவரல் பிறக்கும் இடங்கள் நான்கு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. சிரிப்புக்கு ஒரு காரணம் இளமை. அருவருப்புக்கு முதல் காரணம் மூப்பு. ஜேன் ஹட்சன் மூப்பின் மேல் இளமையை உடுத்திக்கொண்டு நிற்கிறாள். நகையும் இளிவரலும் ஒரே உடம்பிலிருந்து பிறக்கின்றன. அவள் கையில் தட்டு இருப்பதால் அச்சமும் சேர்கிறது. இதையெல்லாம் டேவிஸ் செய்துகாட்டும் திறமையில் நாலாவதாகப் பெருமிதம். கல்வியைப் பெருமிதத்தின் காரணங்களில் முதலாவதாக வைக்கிறது அந்த நூற்பா. டேவிஸிடம் இருந்ததும் ஒரு கல்விதான், 30 ஆண்டுக் கல்வி. அந்த வெள்ளை முகம் அவர் தாமே தீர்மானித்துப் போட்டுக்கொண்ட ஒப்பனை. இந்தப் பெண் முகம் கழுவமாட்டாள், நேற்றுப் போட்டதன் மேலேயே இன்றும் போடுவாள் என்பது அவர் கணக்கு.

இந்த நாலையும் தாங்கும் சொல் வேண்டும். ‘மிகைநடிப்பு’ போதாது. அது குறையை மட்டும் சொல்கிறது. நடிப்பை மட்டுமே தொடுகிறது. ஒரு திரைச்சீலையும் விளக்கும்கூடக் கேம்ப் ஆக முடியும். ‘பகட்டு’ என்பதில் அன்பு இல்லை. ‘கோமாளித்தனம்’ சிரிக்கவைக்கும் நோக்கத்தோடு வருவது. கிராஃபோர்டுக்கு அந்த நோக்கமே கிடையாது. ‘கூத்து’ என்று சொல்லலாமே என்று தோன்றும், நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தெருக்கூத்தில் கிரீடமும் புஜகீர்த்தியும் உரத்த குரலும் அந்தக் கலையின் இலக்கணம். அளவே அதுதான் என்னும்போது அங்கே மீறல் ஏது?

பேச்சுவழக்கில் மிக அருகே வருவது ‘தளுக்கு’. மினுமினுப்பு என்பது அதன் பொருள், தெலுங்கிலும் அப்படியே. ‘தளுக்கிக்கொண்டு நடக்கிறாள்’ என்னும்போது நடை, பார்வை, பாவனை எல்லாம் வந்துவிடுகின்றன. மோலியேரின் ஊன்றிய காலுக்கு இது உறவுதான். ஆனால் பெண்களையும், பெண்மை தெரியும் ஆண்களையும் குத்திக்காட்டவே நம்மிடையே இந்தச் சொல் அதிகம் புழங்கியிருக்கிறது. அந்தக் காயத்தோடு கலைச்சொல் ஆக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் பரிந்துரைப்பது ‘மிகைநயம்’. நயம் என்றால் அழகு, நயத்தல் என்றால் விரும்பிச் சுவைத்தல். பொருளில் உள்ள பண்பையும் பார்ப்பவரின் விருப்பத்தையும் ஒரே சொல் பிடித்துக்கொள்கிறது. இஷர்வுட் கேட்ட மதிப்பும் அதற்குள் இருக்கிறது. ‘ட்ராக்’ அறியா மிகைநயம், ‘டாக்டர் பைப்ஸ்’ அறிந்த மிகைநயம் என்று பிரித்துச் சொல்லவும் வசதி. முதன்முறை எழுதும்போது ‘கேம்ப் என்னும் மிகைநயம்’ என்று போட்டுவிட்டால் வாசகர் முகாமுக்குப் போய்விடமாட்டார்.

இந்தப் படவகைக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டியிருக்கிறது. ‘பேபி ஜேன்’ ஓடியதும் அடுத்தடுத்து வந்தன. 1964இல் கிராஃபோர்ட் கோடரியோடு ‘ஸ்ட்ரெய்ட் ஜாக்கெட்’டில், அதன் இயக்குநர் வில்லியம் காசில் பார்வையாளர்களுக்கு அட்டைக் கோடரி கொடுத்தார். அதே ஆண்டு டேவிஸும் ஒலிவியா டி ஹாவிலண்டும் ‘ஹஷ்... ஹஷ், ஸ்வீட் ஷார்லட்’டில். 1965இல் இன்னொரு பழைய நடிகை டலூலா பாங்க்ஹெட். இவற்றை ஆங்கிலத்தில் ‘ஹேக்ஸ்ப்ளாய்டேஷன்’ என்கிறார்கள். ஹேக் என்றால் சூனியக்காரக் கிழவி. கிழவிகளைக் காட்டிக் காசு பார்த்த படங்கள் என்று அர்த்தம். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் பெயரிலேயே அவமதிப்பு இருப்பதை நான் ஏற்கவில்லை. ‘கிராண்ட் டாம் கினோல்’ என்று இன்னொரு பெயரும் உண்டு. பாரிஸில் 1897 முதல் இரத்தக் காட்சிகளுக்குப் பேர்போன கிராண்ட் கினோல் நாடக அரங்கின் பெயரை வைத்துச் செய்த சொல்லாட்டம் அது. அந்த அரங்கு மூடப்பட்டதும் 1962இல்தான். கிராண்ட் டாம் என்றால் பெருமாட்டி. அதனால் ‘பெருமாட்டித் திகில்’ என்றே எழுதுகிறேன்.

‘பேபி ஜேன்’ கடற்கரையில் முடிகிறது. சுற்றிலும் கூட்டம் கூடுகிறது. ஏன் கூடியது என்று ஜேனுக்குத் தெரியவில்லை. தன்னைப் பார்க்கத்தான் என்று நினைத்துக்கொள்கிறாள். கையில் இரண்டு ஐஸ்கிரீமோடு ஆடத் தொடங்குகிறாள்.