இன்ஜின் உறிஞ்சும் காற்றும் எக்ஸாஸ்டின் அனலும்

நெடுந்தூரம் ஓடிய காரை நிறுத்திப் பானெட்டைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். அந்த அனல் காற்றையே இன்ஜின் உறிஞ்ச நேர்ந்தால் அதன் வலு குறைந்துவிடும். 30 டிகிரி செல்சியஸில் உள்ள காற்று, அழுத்தம் மாறாமல் 60 டிகிரிக்குச் சூடேறினால் அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைகிறது. சிலிண்டரின் கொள்ளளவு மாறாது என்பதால் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. ஆகவே காற்று குறைந்தால் இன்ஜினின் கணினி பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. சூடான கலவை நேரத்துக்கு முறையாக எரியாமல் தானாகவே வெடித்து இன்ஜினைத் தட்டும் ‘நாக்கிங்’ நேராமலிருக்கத் தீப்பொறியையும் அது தாமதப்படுத்துவதால் இழுவை மேலும் தளர்கிறது.

பானெட்டுக்கு அடியில் மிகச் சூடான உறுப்பு, சிலிண்டர்களிலிருந்து வரும் எரிந்த புகையைத் திரட்டி வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். கடும் உழைப்பின்போது 700 டிகிரியைத் தொடக்கூடிய அது, தொடாமலேயே கதிர்வீச்சால் சுற்றியுள்ளவற்றைச் சுடுகிறது. கதிர்வீச்சு, கெல்வின் அளவிலான வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதால், 350 டிகிரியில் வெளிப்படுவதைப்போல் ஏறத்தாழ 6 மடங்கு 700 டிகிரியில் வெளிப்படும். இதைத் தடுப்பது மெல்லிய, பளபளப்பான அலுமினியத் தகடு. வெந்நீர் ஃபிளாஸ்க்கின் வெள்ளிப் பூச்சைப்போலவே அது தன்மேல் விழும் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. சற்றுச் சூடேறினாலும் மறுபக்கம் கதிர்களைக் குறைவாகவே உமிழ்கிறது. (1992இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 காரின் இன்ஜின் அறையில் இதே வேலைக்குத் தங்கத் தகட்டையே ஒட்டினார்கள்!) தகட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே காற்று இடைவெளி அவசியம், இரண்டும் ஒட்டிக்கொண்டால் வெப்பம் கடத்தலாக நேரே தாவிவிடும். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்த தகடு கதிர்களைத் திருப்புவதற்குப் பதில் விழுங்கத் தொடங்கும்.

பலர் செய்யும் பிழை, காற்றுக் குழாய்க்கு மட்டும் வெப்பத் துணி சுற்றுவது. 1.2 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகளில் முழு ஆக்சிலரேட்டரில் ஓடும்போது நொடிக்குச் சுமார் 30 லிட்டர் காற்றை இழுக்கிறது. 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள அரை மீட்டர்க் குழாயைக் காற்று நொடியின் இருபதில் ஒரு பங்கில் கடந்துவிடும். அதற்குள் குழாயின் சுவர் அதைப் பெரிதாகச் சூடாக்க முடியாது. காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். தொழிற்சாலையில் பொருத்திய ஏர் ஃபில்டர் பெட்டியின் வாய் பெரும்பாலும் முன் கிரில்லுக்குப் பின்னாலோ மட்கார்டின் உட்புறமோ குளிர்ந்த காற்றை நோக்கி இருக்கும். அதைக் கழற்றிவிட்டுத் பெட்டியில்லாமல் திறந்திருக்கும் கூம்பு வடிவக் கோன் ஃபில்டரை மாட்டினால் உறுமல் கூடும், ஆனால் அது இழுப்பது பானெட்டுக்கு அடியிலுள்ள அனலை. தகட்டை ஃபில்டரைச் சுற்றிப் பெட்டிபோல் அமைத்து, மேல் விளிம்பு பானெட்டின் அடியில் ரப்பர் பட்டையுடன் இறுக்கமாகப் பொருந்தி, வெளிக்காற்றுக்கென ஒரு வாய் விட்டிருந்தால் மட்டுமே அது பயன்படும். சிக்னலில் நிற்கும்போது வெளிக்காற்று வேகமாக உள்ளே வராததால், அப்படிப்பட்ட பெட்டிக்குள்ளும் சூடு மெல்ல ஏறும். வண்டி நகர்ந்து சிறிது நேரத்தில் அது இறங்கிவிடும்.