தண்ணீர் குடிக்கும் குன்றில் சைக்கிள் ஏன் வழுக்குகிறது?

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டியிருக்கும் சவுத் டவுன்ஸ் குன்றுகளில் மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்கள் செங்குத்தான இறக்கத்துக்குக்கூட அவ்வளவாகப் பயப்படுவதில்லை. மழை விட்டு ஒரு மணி நேரம் ஆன வெள்ளைப் பாறை என்றால்தான் யோசிப்பார்கள். எனக்கு அது புரிய ஒரு விழுகை தேவைப்பட்டது. மெதுவாகத்தான் போனேன். முன்சக்கரம் ஒரு விரற்கடை இடப்பக்கம் நழுவியது, அடுத்த நொடி தோள் தரையில். எழுந்து பார்த்தால் உள்ளங்கை முழுக்க வெண்ணெய் மாதிரி ஒரு வெள்ளைக் குழம்பு.

இதில் விசித்திரம் என்னவென்றால், அந்தக் குன்று தண்ணீரைக் குடித்துவிடும் குன்று. மேலே ஓடை கிடையாது, ஊற்று கிடையாது. ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டவே அந்தக் காலத்து மேய்ப்பர்கள் களிமண் மெழுகிக் குட்டை அமைத்தார்கள். பெய்கிற மழையெல்லாம் உள்ளே இறங்கிவிடுகிற இடத்தில் எது வழுக்கிவிட்டது?

பாறையைக் கிட்டத்தில் பார்ப்போம். இது சாக் எனும் வெண்சுண்ணப்பாறை. (இன்றைய பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். பெயர் மட்டும்தான் இங்கிருந்து போனது.) சுமார் 10 கோடி ஆண்டுகள் முதல் 6.6 கோடி ஆண்டுகள் முன்பு வரை இங்கே வெதுவெதுப்பான கடல் இருந்தது. நம் அரியலூரிலும் கடல் புகுந்து சுண்ணாம்புக்கல்லைச் சேர்த்துவிட்டுப் போனது இதே யுகத்தில்தான். அந்தக் கடலில் மிதந்த ஒற்றைச் செல் பாசிகள் தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளைக் கவசமாகக் கட்டிக்கொண்டன. ஒரு தகடு ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். பாசி செத்ததும் தகடுகள் அடியில் படிந்தன. அப்படிப் படிந்து இறுகியதுதான் இந்தப் பாறை.

தகடுகளுக்கு நடுவே ஏராளமான வெற்றிடம் உண்டு. பாறையின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் துளைகள் மிக மிக நுண்ணியவை என்பதால், அவற்றில் புகுந்த நீர் நுண்புழை விசையால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், சுலபத்தில் நகராது. மழையை உண்மையில் கீழே இறக்குபவை பாறையின் விரிசல்கள். அவை திறந்திருக்கும்வரை குன்று குடிக்கும்.

விரிசலை அடைத்தால்? பாதையில் தினமும் நடப்பது அதுதான். குதிரைக் குளம்பு, டிராக்டர், டயர் எல்லாம் சேர்ந்து மேற்பரப்பை நொறுக்கி மாவாக்குகின்றன. மாவு விரிசல்களில் போய் உட்கார்கிறது. அடுத்த மழையில் தண்ணீருக்கு உள்ளே போக வழியில்லை. மேலேயே நின்று மாவோடு குழைகிறது. கீழே பாறை, மேலே இரண்டு மில்லிமீட்டர் பசை.

மவுண்டன் பைக் டயரின் ரப்பர் குமிழ்களுக்கு இது ரொம்பவும் சங்கடமான கூட்டணி. சாதாரணச் சேற்றில் குமிழ் ஆழமாக அழுந்திப் பிடிமானம் தேடிக்கொள்ளும். காய்ந்த பாறையில் ரப்பர் நெகிழ்ந்து சின்னச் சின்ன மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பிடிக்கும். இங்கே அழுந்தலாம் என்றால் பசைக்கு அடியில் பாறை தடுக்கிறது. பாறையைப் பிடிக்கலாம் என்றால் அதன் மேடுபள்ளங்களைப் பசை ஏற்கெனவே நிரப்பிவிட்டது. எஞ்சியிருக்கும் கொஞ்சப் பிடிமானத்தைத்தான் திருப்பவும் பிரேக் பிடிக்கவும் பங்கு போட வேண்டும். திரும்பிக்கொண்டே பிரேக்கைத் தொட்டதுதான் நான் செய்த தப்பு.

தப்பில் பாதி டயருக்கும் உண்டு. வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் 50 பிஎஸ்ஐ காற்றடித்துக் கொடுத்திருந்தார். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 90 கிலோ என்றால் ஒரு சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 45 கிலோ. 50 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3.5 கிலோ. அப்படியானால் தரையைத் தொடுகிற பரப்பு 13 சதுர சென்டிமீட்டர்தான், ஒரு தீப்பெட்டி அளவுகூட வராது. காற்றைப் பாதியாகக் குறைத்தால் பரப்பு இரட்டிப்பாகும். டயரும் கல்லுக்கேற்ப வளைந்து கொடுக்கும். அங்கே பழகியவர்கள் 20 முதல் 30 பிஎஸ்ஐக்குள்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் குன்று தண்ணீரை ஏற்க மறுத்தது இது முதல் முறையல்ல. டவுன்ஸ் அலையலையாக ஏறி இறங்குகிறதே, அந்த வடிவத்துக்கே அப்படி ஒரு மறுப்புதான் காரணம். பனியுகத்தில் பனிப்பாளங்கள் இவ்வளவு தெற்கே வரவில்லை. ஆனால் நிலம் ஆழம்வரை உறைந்து கிடந்தது. விரிசல்களில் பனிக்கட்டி. கோடையில் மேல்தோல் மட்டும் இளகும். உருகிய நீர் உள்ளே இறங்க முடியாமல் சேறும் கல்லுமாகச் சரிவில் வழிந்து பள்ளத்தாக்குகளை அறுத்தது. சுமார் 11,700 ஆண்டுகள் முன்பு பனியுகம் முடிந்து உறைவும் இளக, விரிசல்கள் மறுபடி திறந்தன. தண்ணீர் கீழே போய்விட்டது. ஆறே இல்லாத ஆற்றுப் பள்ளத்தாக்குகள் மிச்சம். பிரைட்டன் அருகே டெவில்ஸ் டைக் என்று ஒன்று இருக்கிறது. சுமார் 100 மீட்டர் ஆழம், அடியில் வெறும் புல். வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை போகும் சவுத் டவுன்ஸ் வே என்ற நெடும்பாதை 160 கிலோமீட்டர் நீளம். உயரமான இடமே 270 மீட்டர்தான். ஆனாலும் முழுக்க ஓட்டி முடிப்பதற்குள் சுமார் 4,000 மீட்டர் ஏறியிருப்போம்.

குன்றின் வடமுகம் செங்குத்து, தென்முகம் சாய்வு. வடமுகத்தில் குறுக்காக ஏறும் பழைய பாதைகளை சசெக்ஸ் மக்கள் போஸ்டல் என்கிறார்கள். குளிர்காலத்தில் அங்கே வெயிலே விழாது, பசை காயாது. அதனால் ஜனவரியில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

குறுக்காகப் போட்டதில் ஒரு கணக்கும் உண்டு. நேராக இறங்கும் பாதையில் சக்கரம் போட்ட கோடே வாய்க்காலாகிவிடும். மழைநீர் அதில் வேகம் பிடித்து இன்னும் தோண்டும். இன்று பாதை அமைப்பவர்கள் வைத்திருக்கும் விதி எளிது: பாதையின் சரிவு, அது கடக்கும் மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதையோடு ஓட ஆரம்பிக்கும். வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்த்தும் வைப்பார்கள். நடுநடுவே வரும் சின்ன ஏற்றங்கள் குதித்து விளையாடப் போட்டவை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவை வடிகால்கள், ஒவ்வொன்றின் அடியிலும் நீர் வெளியே திரும்பிப் போய்விடும்.

அப்புறம் சிக்கிமுக்கிக் கல். அந்தக் கடலின் கடற்பஞ்சுகளிலிருந்து கரைந்த சிலிக்கா, அடிச்சேற்றில் உயிரினங்கள் குடைந்த வளைகளில் போய்த் திரண்டது. அதனால்தான் கற்கள் விரல், முழங்கை போன்ற கோணல் வடிவங்களில் கிடைக்கின்றன. மழையில் சாக் மெல்லக் கரையும், இது கரையாது. ஆகவே குன்றுக்கு மேலே சேர்ந்துகொண்டே போகும். உடைந்தால் விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி, டயரைக் குத்திவிடும். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் ரப்பர் பால் திரவத்தைக் காற்றே ஓட்டைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. குறுகலில் துகள்கள் நெரிய, பால் திரிந்து அடைபடுகிறது. சில மில்லிமீட்டர் ஓட்டைவரை இது தாங்கும். பக்கவாட்டைக் கிழித்துவிட்டால், நம்மூர் பஞ்சர் கடையில் முறுக்கித் திணிக்கும் பிசின் கயிறுதான். அதுவும் கிழிசல் சின்னதாக இருந்தால்.

இந்தப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமை 1968-இல் வந்த கிராமப்புறச் சட்டத்தால் கிடைத்தது. குதிரைப் பாதையில் ஓட்டலாம், ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். நீல அம்பு போட்டிருந்தால் குதிரைப் பாதை. மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும்.

மழைக்காலத்தில் பலர் டவுன்ஸை விட்டுவிட்டு வடக்கே சர்ரேயின் லீத் ஹில் பக்கம் போய்விடுகிறார்கள். அங்கே மணற்பாறை. மணியெல்லாம் பெரிது, இடைவெளியும் பெரிது. நீர் நிற்காமல் இறங்கிவிடும். ஈர மணலில் சக்கரம், காய்ந்த மணலைவிட நன்றாகவே பிடிக்கிறது. அடுத்த முறை நானும் அங்கேதான் போனேன். காற்று 25 பிஎஸ்ஐ, நானே அடித்தது.