ஃபேரி டேல் ரீடெல்லிங்: தமிழில் வழிக்கதை

பதின்வயதினருக்கான ஆங்கில நாவல்களின் பின்னட்டையில் இன்று அடிக்கடி தென்படும் தொடர் 'ஃபேரி டேல் ரீடெல்லிங்'. சின்ட்ரெல்லா, ரபன்ஸல் போன்ற பழங்கதை ஒன்றை எடுத்து, அதன் எலும்புக்கூட்டின் மேல் முந்நூறு நானூறு பக்க நாவலை எழுப்புவது. இதைத் தமிழில் 'தேவதைக் கதை மறுகூறல்' என்று எழுதிவிடுகிறோம். இரண்டு சொற்களுமே சரியாகப் பொருந்தவில்லை.

முதலில் 'ஃபேரி'. இதன் வேர் லத்தீனின் 'ஃபாட்டும்'. 'சொல்லப்பட்டது' என்பது நேர்ப்பொருள், அதிலிருந்து 'விதி'. அதன் பன்மையான 'ஃபாட்டா' பின்னாளில் விதியை வகுக்கும் பெண்ணைக் குறிக்கும் சொல்லாகி, பழைய பிரெஞ்சில் 'ஃபே' என்று சுருங்கியது. 'ஃபேரி' என்பது தொடக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயரே அல்ல. அவள் செய்யும் மாயத்தையும் அவள் வாழும் மாய உலகையும் குறித்தது. சிறகு முளைத்த குட்டிப் பெண் உருவமெல்லாம் வெகு பிந்தியது. தொடராக இதை நிலைநிறுத்தியவர் பிரான்சின் மதாம் தோல்னுவா. 1697-இல் வந்த அவருடைய தொகுப்பின் தலைப்பே 'ஃபேக்களின் கதைகள்' என்ற பொருள் தருவது. ஆங்கிலத் தொடர் அதன் வழிவந்தது.

இதே கதைகளுக்கு ஜெர்மானியர்கள் வழங்கும் 'மேர்ஷென்' என்ற சொல்லில் ஃபேரியே கிடையாது. 'மேர்' என்றால் சேதி. 'மேர்ஷென்' குட்டிச் சேதி. கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதல் தொகுதியில் ரபன்ஸலை அடைத்து வைப்பவள் ஒரு ஃபே. பிந்தைய பதிப்புகளில் அவளைச் சூனியக்காரியாக மாற்றிவிட்டார்கள். பிரெஞ்சு வாடை வேண்டாம் என்ற எண்ணம்தான். ஹான்ஸலும் கிரேட்டலும், சிவப்புத் தொப்பிச் சிறுமி ஆகிய கதைகளில் ஃபேரி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனாலும் அவை ஃபேரி டேல்தான்.

அதனால்தான் 'தேவதைக் கதை' உதைக்கிறது. தமிழில் தேவதை என்றால் கும்பிடத்தக்கவள்: காவல் தேவதை, ஊர்த் தேவதை. போதாக்குறைக்கு ஏஞ்சலுக்கும் அதே சொல்லையே கொடுத்துவிட்டோம். விருந்துக்கு அழைக்கவில்லை என்று தொட்டில் குழந்தையைச் சபிக்கும் ஃபேரியை எழுத வரும்போது மொழிபெயர்ப்பாளர் 'தீய தேவதை' என்று முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. 'நாட்டுப்புறக் கதை'யும் உதவாது. அது மாயமே இல்லாத விகடக் கதைகளையும் சேர்த்துக்கொள்ளும் பெரிய வகை. உலகக் கதைகளை எண்ணிட்டு வகைப்படுத்தும் ஆர்னே-தாம்சன்-ஊதர் அட்டவணை 300 முதல் 749 வரையிலான எண்களை 'மாயக் கதைகள்' என்ற தலைப்பில் வைக்கிறது. ஃபேரியின் மூலப்பொருளும் மாயமே. ஆகவே மாயக்கதை. சின்ட்ரெல்லா அந்த அட்டவணையில் 510ஏ.

அடுத்தது 'ரீடெல்லிங்'. மறுகூறல் என்றால் சொன்னதையே திரும்பச் சொல்வது. வகுப்பறைப் பயிற்சி போல ஒலிக்கிறது. தழுவல், நாவலைப் படமாக்குவது போல, ஓர் ஆசிரியரின் திட்டவட்டமான படைப்பை வேறு வடிவத்துக்கோ வேறு மண்ணுக்கோ மாற்றுவது. மறுவாசிப்பு நெருங்கி வருகிறது. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தில், சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாளே, அதைப் போல மூலத்தோடு வழக்காடும் எழுத்துக்கு அது பொருந்தும். வழக்காடாமல் விரித்து மட்டும் சொல்லும் நாவலுக்குப் பொருந்தாது.

நம் இலக்கணத்தில் இதற்கு இடம் எப்போதோ போட்டு வைத்திருக்கிறார்கள். தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்குகிறது. நன்னூல் இன்னும் கறாராகச் சொல்கிறது: முன்னோர் நூலின் முடிபு முழுவதும் ஒத்து, 'பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி', அதாவது பின்வந்தவன் தான் விரும்பும் வேறுபாட்டைச் சொல்லி அமைவது வழிநூல். கம்பன் செய்தது இதுதான். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனிலோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். முடிபு ஒன்று, விகற்பம் வேறு. ஆக, நாவலுக்கு 'வழிக்கதை' என்பதே பொருந்தும். முடிபையும் கவிழ்த்துவிட்டால் மறுவாசிப்பு என்று எழுதலாம்.

நல்ல வழிக்கதை எங்கே ருசிக்கிறது? மூலம் பதில் சொல்லாமல் விட்ட இடத்தில். சித்தி இட்ட வேலையை எல்லாம் சின்ட்ரெல்லா ஏன் வாய்மூடிச் செய்தாள்? கெயில் கார்சன் லெவைனின் 'எல்லா என்சான்டட்' (1997) இதற்கு ஒரு விடை வைக்கிறது: பிறந்தபோதே ஒரு ஃபேரி 'கீழ்ப்படிதல்' என்னும் வரத்தைக் கொடுத்துவிட்டாள், யார் ஆணையிட்டாலும் நாயகி 'எல்லா' அதைச் செய்தே தீரவேண்டும். சாதுக் குணம் சாபமாக மாறியதும் கதைக்கு எதிர்ப்பும் இயக்கமும் கிடைத்துவிடுகின்றன. இப்படி ஒரு விகற்பமும் இல்லாமல், நடன விருந்தை நாற்பது பக்கமும் உடையை ஐந்து பக்கமும் வருணித்தால் வாசகர் பாதியில் மூடிவைப்பார். முடிவுதான் அவருக்கு ஏற்கெனவே தெரியுமே.

எந்த முதற்கதையிலிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். கண்ணாடிச் செருப்பும் பூசணித் தேரும் இருந்தால் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் 1697 வடிவம். தாயின் கல்லறையில் வளர்ந்த மரம், உடை தரும் பறவை, செருப்புக்காகக் கால்விரலை வெட்டிக்கொள்ளும் சகோதரி என்றால் கிரிம். மதிப்புரையில் வெறுமனே 'சின்ட்ரெல்லா மூலம்' என்று எழுதினால், எது நாவலாசிரியரின் விகற்பம், எது பழையது என்று பிரிக்க முடியாமல் போகும். விரல் வெட்டும் காட்சியை நாவலாசிரியரின் துணிச்சல் என்று பாராட்டி வைப்போம்.

'யங் அடல்ட்' என்பதை 'இளம் வயது வந்தோர்' என்று எழுதுவது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. அமெரிக்க நூலகத் துறை அதைப் பெரும்பாலும் 12 முதல் 18 வயது வரை என்று கொள்கிறது, 'இளையோர்' போதும். ஃபேன்டசிக்கு இலக்கிய வட்டாரத்தில் புழங்கும் மிகுபுனைவு இருக்கிறது. ஆனால் மாயக்கதையின் வழிவந்தது என்று சொன்ன பிறகு அதையும் சேர்ப்பது கூறியது கூறல். அட்டையில் 'மாயக்கதை வழி இளையோர் நாவல்' என்று போட்டாலே விளங்கும்.